விழப்போகிற பல்தானே!

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ரதங்களைப் பார்க்கிறார்கள். ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கடற்கரைக் கோயிலின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே யாராவது பல்லைத் தேடிப் போயிருப்பார்களா? சந்தேகம்தான். நான் போன தடவை தேடிப் பார்த்தேன். கல்லில் சமைந்த தேவர்களும் அரசர்களும் மாதர்களும் உதட்டை மூடிக்கொண்டே இருக்கிறார்கள். மந்தஹாசம் உண்டு, பல் தெரிவதில்லை. என் கண்ணுக்குப் பட்ட வரையில், பல்லைக் காட்டும் உரிமை அங்கே சிங்கத்துக்கும் யாளிக்கும்தான் இருக்கிறது. சாளுவன்குப்பத்துப் புலிக்குகையைச் சுற்றி வட்டமாக நிற்கும் யாளித் தலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மகிஷமர்த்தினி குகையின் பின்சுவரில் சோமாஸ்கந்தர் இருக்கிறார். உமாதேவியின் மடியில் குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, இல்லையா? சிற்பி சொல்லவில்லை. பெயரிலேயே 'பல்'லை வைத்துக்கொண்டிருந்த பல்லவர்களின் சிற்பி இதைச் சொல்லாமல் விட்டது கொஞ்சம் ஏமாற்றம்தான்! விளையாட்டுக்குச் சொல்கிறேன். வடமொழியில் பல்லவம் என்றால் தளிர். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆறு மாதக் குழந்தையின் ஈறைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கும் அந்த வெள்ளைப் பொட்டும் ஒரு தளிர்தானே?

சரித்திரம் என்றால் நமக்குப் போரும் முடியும் கோட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. குழந்தையின் பல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் பாபிலோன் உண்டு, பாரிஸ் உண்டு, சென்னைப்பட்டணத்துச் சீனர்கள் உண்டு. அந்தச் சரித்திரம் முழுவதும் ஒரே ஒரு வாசகத்துடன் மல்லாடிக்கொண்டே வந்திருக்கிறது. 'விழப்போகிற பல்தானே!' என்பதே அந்த வாசகம்.

* * *

பல் விழுவதைப் பற்றி அலட்சியம் இருந்தாலும், அது முளைப்பதை நம்மவர்கள் அலட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதல் பல் முளைத்தால் 'பல்லுக் கொழுக்கட்டை' அவிப்பார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல் பல்லாகக் குத்தி வைத்து, குழந்தையின் தலைக்கு மேலே சொரிவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம். தித்திப்புக்கும் பல்லுக்கும் உள்ள பகையை அறிந்தவர்கள் இதைப் பார்த்தால், விருந்தாளி வந்த அன்றே வீட்டில் திருடனுக்கும் இலை போட்டாற்போல் இருக்கிறது என்பார்கள்.

நம் பக்கத்தில் வேறொரு கவலை. மேல்வரிசையில் பல் முதலில் வந்துவிட்டால் தாய்மாமனுக்கு ஆகாதாம். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் வரிசையின் நடுப்பற்கள் இரண்டும்தான் முதலில் முளைக்கும். அபூர்வமாக ஒரு குழந்தைக்கு வரிசை மாறினால், பாவம், எங்கோ இருக்கிற மாமனுக்குக் கிலி பிடித்துவிடும்.

ஆறு ஏழு வயதில் பல் ஆட ஆரம்பிக்கும். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். அந்தப் பல்லை வானம் பார்த்துவிட்டால் மறுபல் முளைக்காது என்று பாட்டிமார் சொல்வார்கள். மறுபல்லைப் பற்றி அவ்வளவு அக்கறை! ஆனால் அந்த மறுபல்லுக்கு இடம் பிடித்து வைத்திருந்தது விழுந்த பல்தான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா? பால் பல்லின் உத்தியோகம் அதுதான். துண்டை முன்னதாகவே எடுத்துவிட்டால் பக்கத்து இலைக்காரர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். பின்னால் வருகிறவர் நிற்க வேண்டியதுதான். பற்கள் கோணல்மாணலாக முளைப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொரு விஷயம். பால் பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழுந்தாலும், பின்னால் இருக்கிற கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பதினொன்று வயது வரைக்கும் வேலை பார்க்கின்றன. 'விழப்போகிற பல்' என்று நாம் சொல்லும் பல், பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வகுப்பு வரைக்கும் கூட வருகிறது!

* * *

பல் முளைக்கும்போது குழந்தைக்கு வயிறு போகும், ஜுரம் வரும் என்று சொல்லாத தாய்மார் இல்லை. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்க வேண்டாம். 1839-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'பல் முளைத்ததால்' இறந்ததாகச் சர்க்கார் கணக்கில் பதிவான குழந்தைகள் 5,000-க்கும் மேல். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்து அம்புரோஸ் பாரே என்ற பெயர் பெற்ற ரண வைத்தியர், பல் எளிதாக வெளிவர ஈறைக் கத்தியால் கீறிவிட வேண்டும் என்றார். அதன்பின் முன்னூறு வருஷங்களுக்கு ஐரோப்பாவில் டாக்டர்கள் குழந்தைகளின் ஈறைக் கீறினார்கள். அந்தக் கத்தியைக் கொதிநீரில் போட வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கத்தி போன பிறகு பொடி வந்தது. பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்ற பொடிகளில் கலோமெல் என்ற பாதரச உப்பு இருந்தது. குழந்தைகளின் கையும் காலும் சிவந்து, தோல் உரிந்து, இரவெல்லாம் அழுதன. 'சிவப்பு நோய்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், காரணம் தெரியவில்லை. 1940களில் அமெரிக்காவில் யோசப் வார்க்கனி என்ற குழந்தை வைத்தியர், அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் கண்டார். 1954-ல் இங்கிலாந்தில் பொடியிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். நோயும் மறைந்துவிட்டது. அன்போடு கொடுத்த மருந்துதான் விஷம்!

நம் வீடுகளில் பாதரசப் பொடி அவ்வளவாகப் பரவவில்லை. நமக்குக் கிரைப் வாட்டர் இருந்தது. 1851-ல் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. ஆதியில் அதில் சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு இவற்றோடு சர்க்கரையும் கொஞ்சம் சாராயமும் இருந்தன. சாராயம் பிற்காலத்தில் நீக்கப்பட்டது. அழுத குழந்தை உடனே சமாதானமானதில் ஆச்சரியம் என்ன?

வயிற்றுப்போக்கு விஷயம் வேடிக்கை அல்ல. ஆறு மாதத்தில்தான் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது. கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் தொடங்குகிறது. கிருமி போகிற வழி அது. பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுக்காமல் இருந்தால் குழந்தைக்கே ஆபத்து. பல் முளைக்கும்போது ஈறு நமைச்சலும், வாயில் எச்சில் ஒழுகுவதும், கொஞ்சம் சிணுங்கலும் உண்டு. அதற்கு மேல் ஜுரம் அடித்தால் பல்லைச் சும்மா விட்டு விட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

* * *

பல் சொத்தையானால் 'பூச்சி அரிக்கிறது' என்கிறோம். இந்தப் பூச்சி மிகவும் புராதனமான பூச்சி. பாபிலோனியர்கள் களிமண் பலகையில் எழுதி வைத்த மந்திரங்களில் பல்வலிக்குக் காரணமான புழுவைப் பற்றி ஒரு மந்திரம் இருக்கிறது. சீனாவிலும் ஐரோப்பாவிலும் இதே புழுதான். நமக்கு மருந்து கண்டங்கத்திரி. பழுத்த கண்டங்கத்திரியின் விதையைத் தணலில் போட்டு, புகையை ஒரு குழாய் வழியாக வாயில் பிடிக்கச் செய்வார்கள். ஊர் ஊராக வரும் நாடோடிப் பெண்கள் 'பல்லுப் பூச்சி எடுக்கிறது' என்று கூவிக்கொண்டு தெருவில் போன காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புகை பிடித்த பிறகு தட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடக்கும். 'பார், உன் பல்லிலிருந்த பூச்சி!' குழந்தை கண்ணை அகல விரித்துப் பார்க்கும். காசு கை மாறும்.

இங்கிலாந்திலும் இதே வித்தை நடந்தது, விதைதான் வேறு. நம் நாட்டு மருந்துக்கடைகளில் குரோசாணி ஓமம் என்று வழங்குகிற செடியின் விதை அது. சூட்டில் விதை வெடிக்கும்போது உள்ளிருக்கும் வெண்மையான முளை வெளியே தெறித்துச் சின்னப் புழு மாதிரியே கிடக்கும். கண்டங்கத்திரியும் அந்தச் செடியும் ஒரே குடும்பம். புழு பல்லில் இல்லை, விதையில் இருந்தது!

1728-ல் பாரிஸில் பியர் போஷார் என்ற பல் வைத்தியர் தம் பெரிய நூலை வெளியிட்டார். சொத்தைப் பற்களைப் பூதக்கண்ணாடியில் வைத்துத் தேடியும் புழு எதுவும் தமக்குத் தென்படவில்லை என்று அவர் எழுதினார். 1890-ல் வில்லௌபி மில்லர் என்ற அமெரிக்கர், பெர்லினில் ஆராய்ச்சி செய்து, விஷயத்தை விளக்கினார்: வாயில் இருக்கிற கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் புளிக்க வைக்கின்றன, அந்தப் புளிப்பு பல்லின் மேல் பூச்சைக் கரைக்கிறது. தோசை மாவைப் புளிக்க வைக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்களுக்கு இதை விளங்க வைப்பது கஷ்டமே இல்லை. பால் பல்லின் மேல் பூச்சு நிலைப்பல்லினுடையதைவிட மெல்லியது. ஆகையால் அங்கே சேதமும் சீக்கிரம்.

* * *

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. செங்கல்பட்டு ஜில்லாவில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை தோறும் வேலமரம். ஊர் தோறும் ஆலமரம். ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல்லிலிருந்து உமி. உமியைச் சுட்டால் உமிக்கரி. கேளம்பாக்கத்துக் கழிமுகத்து உப்பளங்களிலிருந்து உப்பு. இவ்வளவையும் இந்தச் சீமை தன் மண்ணிலேயே விளைவித்துக்கொண்டது. வேலங்குச்சியை மென்று நாராக்கித் தேய்த்தவன், அறியாமலேயே ஒரு நல்ல பிரஷ் செய்துகொண்டான். உமிக்கரி மட்டும் இருமுனைக் கத்தி: அழுக்கோடு பல்லின் மேல் பூச்சையும் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிடும்.

ஆனால் குச்சியை மென்று நாராக்க வேண்டுமானால் வாயில் நல்ல பற்கள் வேண்டும். தாடையில் பலம் வேண்டும். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஏது? பழமொழி பெரியவர்களுக்குத்தான். குழந்தைக்கு அம்மாவின் ஆள்காட்டி விரல்தான் பிரஷ். அதுவும் காலையில், வேலைக்கு நடுவே, ஒரு தேய்ப்பு, ஒரு கொப்பளிப்பு, தீர்ந்தது.

பன்றி மயிர் வைத்த பிரஷ்ஷை 1780-ல் இங்கிலாந்தில் வில்லியம் அடிஸ் என்பவர் வியாபாரமாகச் செய்ய ஆரம்பித்தார். 1938-ல் நைலான் பிரஷ் வந்தது. அதற்கு முந்தின வருஷம் இந்தியாவில் கால்கேட் கம்பெனி ஏற்பட்டது. ஆனாலும் தமிழ்நாட்டு மத்தியதரக் குடும்பங்களில் நெடுங்காலம் ராஜ்யம் செய்தது பற்பொடிதான். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள், கோபால் பற்பொடியின் விளம்பரத்தை இன்றும் ராகத்தோடு சொல்வார்கள். ரோஜா நிறம், இனிப்பு. குழந்தைகள் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, பாதியைத் தேய்த்து, பாதியைத் தின்றன. பிறகு பினாகா பற்பசை வந்தது. அட்டைப் பெட்டிக்குள் யானை, மான், முதலை என்று சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொம்மை வைத்தார்கள். பல் தேய்க்க மாட்டேன் என்று ஓடிய குழந்தைகள், பொம்மைக்காகப் பற்பசையைச் சீக்கிரம் தீர்க்கப் பார்த்தன. அந்த வியாபாரிக்குக் குழந்தை மனசு தெரிந்திருந்தது!

* * *

இனி எதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே போகும் சாலையில் இரண்டு பக்கமும் பனைமரங்கள். இந்தக் கரையில் தித்திப்பு என்றால் ஒரு காலத்தில் பனைவெல்லம்தான். அதுவும் தினந்தோறும் கிடைக்காது. பிற்பாடு வெள்ளைச் சர்க்கரை வந்தது. கிழவிகள் அதை 'அஸ்கா' என்பார்கள். 1936 வரையில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த கஞ்சம் ஜில்லாவில் அஸ்கா என்ற ஊரிலிருந்த சர்க்கரை ஆலை தந்த பெயர் அது. ஊர்ப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. அவ்வளவு தூரம் அது நம் அடுக்களைக்குள் புகுந்துவிட்டது.

சர்க்கரையின் அளவைவிட, அது எத்தனை தடவை வாய்க்குள் போகிறது, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம். இதை உலகம் தெரிந்துகொண்ட விதம் மனத்தை வருத்துவது. ஸ்வீடன் தேசத்தில் லுண்ட் நகரத்துக்கு அருகே விப்பேஹோம் என்ற விடுதியில் மனவளர்ச்சி குன்றியவர்கள் இருந்தார்கள். 1940களின் பிற்பகுதியில் சில வருஷங்கள் அவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்களைக் கொடுத்து, பல் சொத்தையாகிறதா என்று பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. சொத்தையாயிற்று. சாப்பாட்டோடு சாப்பிட்ட சர்க்கரை அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. இடைவேளைகளில் தின்ற ஒட்டும் மிட்டாய்தான் நாசம் செய்தது. பிறகு ஸ்வீடனில் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் ஏற்பட்டது. நம் குழந்தைகளின் கமர்கட்டையும் ஜவ்வுமிட்டாயையும் பார்க்கும்போதெல்லாம், வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாத அந்த மனிதர்களை நினைத்துக்கொள்கிறேன். நாம் இன்று உபயோகிக்கிற அறிவுக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள்.

1962-ல் இலியாஸ் ஃபாஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர், பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளின் மேல்வரிசை முன்பற்கள் ஒரேயடியாகச் சொத்தையாவதை எடுத்துக் காட்டினார். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறையும். பாலும் சர்க்கரையும் பல்லைச் சுற்றித் தேங்கும். இரவெல்லாம் புளிப்பு. குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறதே என்று வீடும் நிம்மதியாகத் தூங்கும்.

* * *

வைத்தியர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கலாம். இந்த உபகண்டத்தில் பல்லைத் துளையிட்டு வைத்தியம் செய்தது ஏழாயிரத்தைந்நூறு முதல் ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தின சங்கதி. பலுசிஸ்தானத்து மெஹர்கரில், துளையிட்ட 11 பற்கள் கிடைத்ததாக 2006-ல் அறிவித்தார்கள். மணி கோக்கத் துளையிடுகிறவர்களின் கருவியாக இருக்கலாமாம். ஒன்பது பேருடைய பற்கள். ஒன்பது பேரும் பெரியவர்கள். குழந்தையை அன்றும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

நவீன காலத்துக்கு வந்தால், கல்கத்தாவில் 1920-ல் டாக்டர் ரபியுதீன் அகமது இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தார். அமெரிக்காவில் அயோவாவில் படித்தவர். கல்லூரிக்குப் பணம் வேண்டுமே? 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்று ஒரு பானக்கடை வைத்து, அந்த வருமானத்தில் கல்லூரியை நடத்தினார். தித்திப்பு பல்லுக்கு உபகாரம் செய்த சந்தர்ப்பம் சரித்திரத்தில் அநேகமாக இது ஒன்றுதான்!

சென்னையில் 1930, 1940களில் பல் வைத்தியம் என்றால் பலருக்குச் சீனர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்டு, தகப்பனிடம் மகன் தொழில் கற்றுக்கொண்டு வந்த குடும்பங்கள் அவை. சுத்தமான கடை, கண்ணாடி அலமாரியில் பல் செட்டு, குறைந்த கட்டணம். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் பெற்றவர்களை ஒரு பட்டியலிலும், பட்டமில்லாமல் முன்பே அதையே ஜீவனமாகக் கொண்டிருந்தவர்களை மற்றொரு பட்டியலிலும் பதிவு செய்தார்கள். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இன்று பழைய செங்கல்பட்டுச் சீமைக்குள் கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர், மேல்மருவத்தூர் என்று பல ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆனாலும் ஒரு குறை. நம் ஏற்பாட்டில் நோயாளிதான் டாக்டரைத் தேடிப் போக வேண்டும். நியூசிலாந்தில் 1921-லேயே, தாமஸ் ஹண்டர் என்பவரின் யோசனைப்படி, இளம் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். காலால் மிதித்துச் சுழற்றும் துரப்பணத்தோடு அவர்கள் பள்ளியிலேயே குழந்தைகளின் பல்லைச் செப்பனிட்டார்கள். குழந்தைகள் அந்த அறைக்குக் 'கொலை வீடு' என்று பெயர் வைத்தன என்பது வேறு விஷயம்! மலாயாவில் 1949-ல் பினாங்கில் அதே மாதிரிப் பயிற்சி ஆரம்பமாயிற்று. இலங்கையில் 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் தொடங்கினார்கள். பினாங்கிலும் இலங்கையிலும் தமிழ்க் குழந்தைகளுக்குக் கிடைத்த வசதி, தாய்த்தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை.

* * *

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் எல்லைக்குள் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் அம்மைப்பால் தயாரிக்கத் தோன்றியது. அங்கிருந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் 1937-ல் நெல்லூர் ஜில்லாக் கிராமங்களில் பல்லில் கறையும் எலும்பில் விறைப்பும் ஏற்படக் காரணம் குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடு என்று வெளியிட்டார்கள். எட்டு வருஷம் கழித்து, 1945 ஜனவரி 25-ந் தேதி, அமெரிக்காவில் கிராண்டு ராப்பிட்ஸ் நகரத்தில் அதே புளோரைடைக் குடிநீரில் வேண்டுமென்றே சேர்த்தார்கள்! லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அது பல்லைக் காக்கிறது. மிஞ்சினால், பல் உருவாகும் வயதில் குடித்த குழந்தையின் பல்லில் ஆயுள் முழுவதும் கறையாக நிற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் குழந்தைகள் இந்தக் கறையோடு வளர்ந்தார்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே அளவு ஒன்றுதான் வேலி.

* * *

சென்ற வருஷம் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வேப்பமர நிழலில் மீன் கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன். வலது கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. கையிலிருந்த பொறையைக் கடிக்க முடியாமல் டீயில் நனைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"என்ன அம்மா, பையனுக்குப் பல்வலியா?" என்று கேட்டேன்.

"நாலு ராவா தூக்கமில்ல சார். வுழப்போற பல்லுதானே, தானா வுழுந்துடும்னு வுட்டுட்டேன்."

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கூடாதா?"

"போவலாம் சார். பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீதான். ஆனா ஒரு நாள் யாவாரம் பூடுமே? இந்தக் கூடைய யாரு வாங்குவா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல்லூரியின் பல் மருத்துவ வண்டி வருவதாக டீக்கடைக்காரர் சொன்னார். இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது விசாரித்தேன். "புடுங்கிட்டாங்க சார். இப்ப நல்லா துண்றான்," என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பிடுங்கியது கடைவாய்ப் பல். அந்த இடத்துக்கு உரியவர் வர இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சரித்திரத்தை முதலிலிருந்து புரட்டிப் பாருங்கள். குழந்தைக்கு எது வந்தாலும் தாயின் மேல்தான் பழி: பால் கெட்டுப்போய்விட்டது, உடம்பில் சூடு, கவனமில்லை. இப்போது விஞ்ஞானமும், சொத்தைக்குக் காரணமான கிருமி பெரும்பாலும் தாயின் எச்சிலிலிருந்தே குழந்தைக்குப் போகிறது என்கிறது. உண்மைதான். ஒரே ஸ்பூனில் ருசி பார்த்து ஊட்டுவது, கடித்துக் கொடுப்பது எல்லாம் வழி. ஆனால் இதை வசவாகச் சொன்னால் வசவு. உபாயமாகச் சொன்னால் உபாயம். தாயின் சொத்தைப் பல்லுக்கு முதலில் வைத்தியம் செய்தால், பிறக்கப் போகிற பிள்ளைக்கும் பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது. கர்ப்பிணிப் பெண்ணை இரும்புச்சத்து மாத்திரைக்கு அழைக்கும் இடத்திலேயே, 'வாயைத் திற, அம்மா, பல்லைப் பார்க்கிறேன்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும்.

2002-03-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் தேசம் முழுவதும் எடுத்த கணக்கில், ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 52 பேருக்குச் சொத்தை இருந்தது. இரண்டு குழந்தைகள் எதிரே வந்தால் ஒன்றுக்கு! 2013-ல் தொடங்கிய குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் பல்லையும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மற்றதெல்லாம் சர்க்காரின் கையில் இல்லை. விளக்கு அணைக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கிறது.

செய்ய வேண்டியது சொற்பம். முதல் பல் தெரிந்ததும் துலக்க ஆரம்பிக்க வேண்டும். மூன்று வயது வரை பசை ஓர் அரிசியளவு, அதன்பின் பட்டாணியளவு. ஏழெட்டு வயது வரை பெரியவர்களே துலக்கிவிட வேண்டும். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடத் தெரியாத விரலுக்குப் பிரஷ் மட்டும் எப்படி வசப்படும்? காலையைவிட இரவுத் துலக்கல் முக்கியம். அதன்பின் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமலே வருவதால் அதையும் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிலைப்பல், போனால் திரும்பாது. முதல் பிறந்தநாளுக்குள் பல் டாக்டர் குழந்தையை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும், வலி இல்லாத நாளில். 'அழுதால் பல் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்' என்று மிரட்டாத வீட்டுக் குழந்தை, அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மேலும் கீழும் ஆட்டச் சொல்லிச் சிரிக்கும்.

விழப்போகிற பல்தான், யார் இல்லை என்கிறார்கள்? ஆனால் தன் வேலையை முடித்துவிட்டு, விழ வேண்டிய நாளில், வலியில்லாமல் அது விழட்டும். பிறகு சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம்.